சில்லு ஓடும் பாதை

ஸ்காட் டை சான்பிரான்சிஸ்கோவில் எலும்பு மருத்துவர். முழங்கால் வலியோடு வருகிறவர்களைப் பார்ப்பதுதான் அவருடைய தொழில். முட்டிக்குள் எது வலிக்கிறது என்று நோயாளிகளிடம் கேட்டால் எல்லோரும் உள்ளங்கையை முட்டியின் மேல் கவிழ்த்து வைத்து ‘இங்கேதான்’ என்பார்கள். அதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியாது. கடைசியில் டை தன் முழங்காலையே விசாரித்துவிடுவது என்று முடிவெடுத்தார். கேமராக் குழாய் நுழையும் இடத்தில் தோலுக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டுக்கொண்டார். மூட்டுக்குள் மரப்பு மருந்து எதுவும் இல்லை. முழு விழிப்போடு படுத்திருக்க, சக மருத்துவர் ஒருவர் குழாய் வழியாக ஒரு மழுங்கிய கம்பியை விட்டு உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் அழுத்தினார். எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்று டை மதிப்பெண் சொன்னார். இரண்டு கால்களிலும் இது நடந்தது. முடிவுகள் 1998-ல் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின.

முட்டிக்குக் கீழே, முழங்கால் சில்லை ஒட்டினாற்போல் ஒரு கொழுப்புத் திண்டு உண்டு. அதைத் தொட்டதும் கடுமையான வலி. மூட்டின் உள்சவ்வைத் தொட்டாலும் அப்படியே. சில்லின் பின்புறம் இருக்கும் குருத்தெலும்பை அழுத்தியபோது ஒன்றும் தெரியவில்லை. பலமாக அழுத்தியும் பூஜ்யம்தான். இத்தனைக்கும் அந்த இடத்தில் டையின் குருத்தெலும்பு ஏற்கெனவே மென்மையாகி, பிசிர் பிசிராகத் தேய ஆரம்பித்திருந்தது.

குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் சேதிதான். தன் காலைக் கொடுத்து அதை நிரூபிக்க ஒருவர் முன்வந்ததுதான் புதிது. எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து “தேஞ்சு போச்சுங்க, அதான் வலி” என்று சொல்கிற வாக்கியத்தில் பாதிதான் உண்மை. தேய்கிற பொருளுக்கு வலி தெரியாது. அதன் அடியில் இருக்கும் எலும்புக்குத் தெரியும். தேய்ந்து உதிர்ந்த துணுக்குகளால் வீங்கும் சவ்வுக்குத் தெரியும். சில்லு ஒரு பக்கமாக இழுபடும்போது விறைத்துக்கொள்ளும் நார்ப்பட்டைக்கும் தெரியும். குருத்தெலும்பு தாங்கவேண்டிய சுமை இவற்றின் மீது போய் விழும்போதுதான் படியிறங்கும் மனிதர் கைப்பிடியைத் தேடுகிறார்.

சில்லுக்குப் பின்னால் வரும் மூட்டுத் தேய்மானத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக அறுவை சிகிச்சைகள் நடந்துவருகின்றன. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தோன்றியது. தேய்ந்த பரப்பை மட்டும் பார்த்து அதைச் சுரண்டியவர்களும், மூடியவர்களும், எடுத்தெறிந்தவர்களும் பெரும்பாலும் தோற்றார்கள். சில்லு எந்தத் தடத்தில் ஓடுகிறது, உடம்பின் சுமை எந்த வழியாக இறங்குகிறது என்று கேட்டவர்களின் சிகிச்சைகள்தான் நிலைத்தன.

முதலில் சில்லைப் பார்ப்போம். பிறக்கும்போது நமக்கு அது எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தாக இருக்கிறது. மூன்று வயதுக்கு மேல்தான் எலும்பாக இறுக ஆரம்பிக்கிறது. தசைநாணுக்குள் புதைந்து வளரும் எலும்புகளில் உடம்பிலேயே பெரியது இதுதான். தொடையின் முன்தசை கீழே வந்து நாணாகக் குறுகுகிறது. அந்த நாண் சில்லைத் தழுவிக்கொண்டு இறங்கி, முட்டிக்குக் கீழே கால் எலும்பின் முன்பக்கம் தடவினால் தட்டுப்படும் மேட்டில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது சில்லு அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. கிணற்றில் கயிறு ராட்டினத்தின் மேல் போவதுபோல் தசையின் இழுப்பு இங்கே திசை திரும்புகிறது. ராட்டினம் இருந்த இடத்திலேயே சுற்றும். சில்லோ தானும் நகர்ந்துகொண்டே நாணை மூட்டின் மையத்திலிருந்து தள்ளிப் பிடிக்கிறது. அப்படித் தள்ளிப் பிடிப்பதால் நெம்புகோலின் கை நீள்கிறது. குறைந்த இழுப்பில் கால் நிமிர்கிறது. காலை முழுவதும் நீட்டும் கடைசிக் கட்டத்தில் இந்த உதவி சுமார் 30 சதவீதம் வரை இருக்கும் என்று 1971-ல் கணக்கிட்டார்கள்.

இந்த வசதிக்கு விலை உண்டு. நாண் மேலிருந்து இழுக்கிறது, கீழேயும் இழுக்கிறது. நடுவில் மாட்டிய சில்லைத் தொடை எலும்போடு சேர்த்து நசுக்குவதுதான் அந்த இரண்டு இழுப்புகளின் கூட்டு விளைவு. காலை மடக்க மடக்க நசுக்கல் கூடும். சமதளத்தில் நடக்கும்போது சில்லின் பின்னால் விழும் அழுத்தம் உடல் எடையில் பாதி. படியேறி இறங்கும்போது மூன்று மடங்குக்கு மேல். முழுக்கக் குந்தி எழும்போது ஏழு, எட்டு மடங்கு. 1972-ல் ரெய்லியும் மார்டென்ஸும் சொன்ன கணக்கு இது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் குந்தியிருந்து எழுகிறார் என்றால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எலும்பின் பின்னால் ஏறக்குறைய 450 கிலோ இறங்குகிறது. காலையில் ஒருமுறை, வாசல் தெளித்துக் கோலம் போடும்போது பலமுறை.

இதைத் தாங்குவதற்காகத்தான் சில்லின் பின்புறக் குருத்தெலும்பு மனித உடம்பிலேயே தடித்ததாக இருக்கிறது. சில இடங்களில் ஐந்து மில்லிமீட்டரையும் தாண்டும். அதைவிட வியப்பானது அது சுமையைப் பகிரும் விதம். கால் நீட்டியிருக்கும்போது சில்லு பள்ளத்தை அநேகமாகத் தொடுவதே இல்லை. 20 டிகிரி மடக்கும்போது சில்லின் கீழ்விளிம்பு மட்டும் தொடுகிறது. மடக்க மடக்கத் தொடும் பட்டை மேலே ஏறிக்கொண்டே போய், 90 டிகிரியில் சில்லின் மேற்பாதி வேலை செய்கிறது. பட்டையும் அகலமாகிக்கொண்டே போகிறது. அழுத்தம் கூடக்கூடத் தாங்கும் பரப்பும் விரிகிறது. இன்னும் மடக்கினால் தொடை நாணே எலும்பில் படிந்து பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆகவே சில்லின் எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால், எந்தக் கோணத்தில் வலிக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் இது எவ்வளவு முக்கியம் என்பது போகப் போகப் புரியும்.

பழுது பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. மனிதன் இரண்டு காலில் நடப்பவன். தொடை எலும்பு இடுப்பிலிருந்து நேரே இறங்காமல் உள்ளே சாய்ந்து இறங்குகிறது. அதனால் தசையின் இழுப்பில் சில்லை வெளியே தள்ளும் ஒரு கூறு எப்போதும் இருக்கும். அதைத் தடுக்கப் பள்ளத்தின் வெளிக்கரை உயர்ந்திருக்கிறது. சிலருக்கு இந்தக் கரை பிறவியிலேயே உயரம் குறைவு. பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாகவோ, சிலருக்கு மேடாகவோகூட இருக்கும். பிரான்சின் லியோன் நகரத்தில் ஆன்ரி தெஜூரும் பிறகு அவர் மகன் தாவித் தெஜூரும் இந்தப் பள்ளக் குறைபாட்டை எக்ஸ்ரேயில் அடையாளம் காண வகைப்பாடுகளை உருவாக்கினார்கள். சிறுவயதில் சில்லு விலகி விலகி மாட்டியவர்கள், பள்ளம் சரியில்லாதவர்கள், விபத்தில் சில்லு உடைந்து ஒட்டியவர்கள் ஆகியோருக்கு மற்ற மூட்டுப்பகுதி நன்றாக இருக்கும்போதே இந்த ஓர் இடம் மட்டும் தேய்ந்துபோகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

சமதளத்தில் இவர்கள் மைல் கணக்கில் நடந்துவிடுவார்கள். படி இறங்கச் சொன்னால் முகம் மாறும். நாற்காலியிலிருந்து எழக் கையூன்றுவார்கள். நெடுநேரம் கால் மடக்கி உட்கார்ந்தபின் எழும்போது வலிப்பதை மேல்நாட்டு மருத்துவர்கள் ‘சினிமா அறிகுறி’ என்று அழைக்கிறார்கள். அவர்கள் ஊரில் படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம்மூர்ப் படங்களின் நீளத்துக்கு இடைவேளையிலேயே தெரிந்துவிடும்.

இந்த நோயில் எக்ஸ்ரே ஏமாற்றும். நேருக்கு நேராக எடுக்கும் படத்தில் சில்லு தொடை எலும்பின் மேல் நிழலாக விழுந்து மறைந்துவிடுகிறது. படம் நன்றாக இருக்கிறது, வலி மட்டும் போகவில்லை என்று அலைகிறவர்கள் உண்டு. 1974-ல் ஆலன் மெர்ச்சன்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எளிய வழி சொன்னார். மேசை விளிம்பில் காலை 45 டிகிரி மடக்கித் தொங்கவிட்டு, சில்லுக்கும் பள்ளத்துக்கும் இடையே கதிர் பாயும்படி எடுக்கவேண்டும். அந்தப் படத்தில் சில்லு பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறதா என்பது பளிச்சென்று தெரியும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆனாலும் கேட்டு எடுத்தால்தான் கிடைக்கிறது.

தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, பழக்கங்களில் சில மாற்றங்கள் என்று பெரும்பாலோர் கத்தியில்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் படியில் மூன்று கிலோவுக்கு மேல் குறைகிறது என்பதே இதன் பின்னால் உள்ள கணக்கு. மாதக்கணக்கில் முயன்றும் முடியாதவர்களுக்குத்தான் அடுத்த பேச்சு.

அந்தப் பேச்சை ஒரு பெரிய தவற்றிலிருந்து தொடங்கவேண்டும். 1937-ல் ரால்ஃப் புரூக் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், சில்லு என்பது பரிணாமத்தில் தங்கிப்போன தேவையற்ற மிச்சம் என்று எழுதினார். உடைந்த சில்லைக் கோத்து வைக்காமல் முழுவதுமாக எடுத்துவிட்டால் கால் முன்பைவிட நன்றாக வேலை செய்யும் என்பது அவர் வாதம். கங்காருவுக்கு எலும்பாலான சில்லு இல்லை, ஆனாலும் அது தாவுகிறதே என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். (தீக்கோழிக்கு ஒரு காலில் இரண்டு சில்லு இருப்பதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.) வலிக்கிற எலும்பைக் கழற்றி எறிந்துவிடலாம் என்ற யோசனை தேய்மானக்காரர்களுக்கும் பரவியது. 1945-ல் ஹாக்ஸ்டன் என்பவர் அளந்து பார்த்தார். சில்லை இழந்த கால்களில் நிமிர்த்தும் பலம் கணிசமாகக் குறைந்திருந்தது. தள்ளிப் பிடிக்க ஆளில்லாமல் நாண் மூட்டை ஒட்டிப் போய்விடுகிறது. அதே வேலைக்குத் தசை இன்னும் வலுவாக இழுக்கவேண்டும். படியேற முடியாமல் முடங்கியவர்கள் பிற்காலத்தில் முழு மூட்டு மாற்றுக்கு வந்தபோது, அதிலும் மற்றவர்களுக்குக் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. இன்று வேறெந்த வழியும் இல்லாதபோது மட்டுமே சில்லை எடுக்கிறார்கள்.

கேமராவை விட்டு மூட்டைக் கழுவி, பிசிரைச் சுரண்டி வருவது இன்னொரு பழக்கம். சின்னத் துளை, மறுநாள் வீடு. 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மோஸ்லியும் சகாக்களும் முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்குச் சுரண்டல், சிலருக்குக் கழுவுதல் மட்டும், சிலருக்குத் தோலில் கீறல் போட்டு உள்ளே எதுவும் செய்யாமல் தைத்துவிட்ட பொய்ச் சிகிச்சை. இரண்டு ஆண்டுகள் பார்த்தும் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வு சில்லுக்கு மட்டுமானது இல்லை, மொத்த முழங்காலுக்கானது. ஆனால் வலியே உணராத ஒரு பரப்பை வழவழப்பாக்கி என்ன பயன் என்ற கேள்வி சில்லுக்குக் கூடுதலாகவே பொருந்தும். மூட்டுக்குள் துண்டு ஒன்று தளர்ந்து மாட்டிக்கொண்டிருந்தால் அதை எடுப்பது வேறு விஷயம்.

இனி கணக்குப் போட்டவர்களிடம் வருவோம். எனக்குப் பிடித்த ஆள் இவர்களில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து போல் மக்கே. இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பை வெட்டிச் சாய்த்துச் சுமையை மாற்றலாம் என்று காட்டிய ஜெர்மானியர் பாவெல்ஸின் வழி வந்தவர். படிப்பாளியும்கூட. விலங்குகளின் உடம்பை நெம்புகோல்களின் தொகுப்பாகப் பார்த்து, தசைகள் தூக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு பலத்தோடு இழுக்கவேண்டியிருக்கிறது என்று 17-ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டவர் இத்தாலியின் பொரெல்லி. இறந்த பிறகு 1680–81-ல் வெளியான அவருடைய லத்தீன் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இதே மக்கேதான். அறுவை அரங்கத்தை விட்டு வந்து பொரெல்லியின் லத்தீனோடு மல்லுக்கட்டிய ஒருவரின் முழங்கால் யோசனை எப்படி இருக்கும்? 1963-ல் அவர் சொன்னது இது. சில்லைத் தொடவே வேண்டாம். நாண் போய்ப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கால் எலும்பு மேட்டை ஒரு நாக்குபோல் அறுத்து முன்னால் தூக்கி, அடியில் இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை முட்டுக்கொடுத்துவிட்டால் போதும். நாணின் கீழ்முனை முன்னே வருவதால் நெம்புகோல் நீள்கிறது. இரண்டு இழுப்புகளுக்கும் இடையே உள்ள கோணம் விரிகிறது. இரண்டும் சேர்ந்து நசுக்கும் அழுத்தம் குறைகிறது. இரண்டு சென்டிமீட்டர் தூக்கினால் அழுத்தம் பாதியாகும் என்றது அவர் கணக்கு.

வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு நாலு விரற்கடை கீழே வெட்டும் இந்த யோசனை எத்தனை துணிச்சலானது! தாளில் அது பழுதே இல்லாதது. தோல்தான் ஒத்துழைக்கவில்லை. முட்டிக்குக் கீழே தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. அங்கே எலும்பை இரண்டு சென்டிமீட்டர் முன்தள்ளித் தைத்தால் தோல் இழுபட்டு ரத்த ஓட்டம் நின்று கறுத்துப் புண்ணாகிறது. வெட்டிய நாக்கும் சிலருக்கு ஒடிந்தது. முட்டியில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதால் மண்டியிட முடியாது.

1983-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஜான் ஃபுல்கர்சன் அதே கணக்கை வேறு வெட்டில் எழுதினார். எலும்பை நேராக அறுக்காமல் சரிவாக அறுப்பது. அறுத்த துண்டை அந்தச் சரிவிலேயே நழுவவிட்டால் அது உள்பக்கமும் போகும், முன்பக்கமும் எழும்பும். இடுப்பு எலும்பிலிருந்து ஒட்டு வேண்டாம். இரண்டு திருகாணி போதும். மேடும் அளவோடு நிற்கிறது. சரிவின் கோணத்தை மாற்றினால் எவ்வளவு உள்ளே, எவ்வளவு முன்னே என்பதை ஆளுக்கு ஏற்றாற்போல் தீர்மானிக்கலாம். சில்லின் கீழ், வெளிப்பக்கத்தில் இருந்த சுமை மேல், உள்பக்கத்துக்கு மாறுகிறது. மேலே சொன்ன தொடுபட்டைகளின் கணக்கு இங்கேதான் பயன்படுகிறது. சில்லின் கீழ்விளிம்பிலோ வெளிப்பக்கத்திலோ தேய்ந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. மேற்பாதியிலோ உள்பக்கத்திலோ தேய்ந்தவர்களுக்குச் சுமையைக் கொண்டுபோய் அதே புண்ணின் மேல் வைப்பதாகிவிடும். முழுப் பரப்பும் போனவர்களுக்கும் பயனில்லை. ஆகவே இது இளம் வயதினருக்கு, தேய்மானம் ஒரு மூலையில் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை. அறுத்த எலும்பு ஒட்டும்வரை, சுமார் ஆறு வாரம், காலில் முழுப் பாரம் கொடுக்கக்கூடாது. அவசரப்பட்டு ஊன்றியவர்களில் சிலருக்குக் கால் எலும்பே முறிந்திருக்கிறது.

வெளிப்பக்கம் மட்டும் உரசித் துருத்திய எலும்பு வளர்ந்திருக்கும் நடுத்தர வயதினருக்கு இன்னும் சின்ன வேலை ஒன்று உண்டு. சில்லின் வெளிவிளிம்பை ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சீவு சீவி, இறுகிய வெளிப்பக்க நார்ப்பட்டையை நீட்டித் தைத்துவிடுவது. வேறு உறுப்பு எதுவும் பொருத்துவதில்லை. இது தேய்மானத்தை நிறுத்தாது. சில ஆண்டுகள் வாங்கித் தரும். ஒருகாலத்தில் அந்த நார்ப்பட்டையை ஒரேயடியாக அறுத்துவிடும் பழக்கம் கேமரா வந்த வேகத்தில் பரவியது. தேவைக்கு மேல் அறுபட்டவர்களுக்குச் சில்லு எதிர்ப்பக்கமாக, உள்ளே நழுவ ஆரம்பித்தது. அதனால்தான் இப்போது அறுக்காமல் நீட்டுகிறார்கள்.

சொந்தக் குருத்தெலும்பையே வளர்த்து ஒட்டினால் என்ன? ஸ்வீடனின் கோதன்பர்கில் பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு அதைச் செய்தது. மூட்டில் சுமை விழாத மூலையிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பைக் கிள்ளி, அதன் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, குழி விழுந்த இடத்தில் திரும்ப வைத்து மூடினார்கள். 1994-ல் 23 பேரின் முடிவுகள் வெளியானபோது மருத்துவ உலகம் அசந்துபோனது. தொடை எலும்பின் குமிழில் செய்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். சில்லில் செய்த 7 பேரில் 2 பேருக்கு மட்டும்தான். ஒரே செல், ஒரே கைகள். சில்லு தப்பான தடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பழையதைத் தேய்த்த அதே உரசல் புதியதையும் தேய்க்கத்தானே செய்யும்? பிறகு எலும்பு மேட்டை நகர்த்தித் தடத்தைச் சரிசெய்துவிட்டுச் செல்களை வைக்க ஆரம்பித்தபின் சில்லிலும் பலன் கூடியது. ஆனாலும் இது குழிகளுக்கான வைத்தியம். சில்லும் பள்ளமும் இரண்டுமே வழித்தெடுத்தாற்போல் தேய்ந்துவிட்ட முற்றிய நிலைக்குப் பொருந்தாது.

முற்றிய நிலைக்கு மாற்று உறுப்புதான். ஹூஸ்டனின் டங்கன் மெக்கீவர் 1955-ல் சில்லின் பின்புறத்துக்கு மட்டும் ஓர் உலோகக் கவசம் செய்து திருகினார். சில்லுக்கு உலோகம் போட்டாயிற்று. எதிரே தொடைப் பள்ளம் அப்படியே இருக்கிறது. உலோகம் பள்ளத்தின் குருத்தெலும்பை உரசித் தின்றது. 1970களில் பள்ளத்துக்கு உலோகமும் சில்லுக்குப் பிளாஸ்டிக் பொத்தானும் சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள். ஜெர்மனியின் லூபினஸ் வடிவம் அதில் பெயர்பெற்றது. இருந்த பள்ளத்தையே குடைந்து உலோகத்தைப் பதிக்கும் முறை அது. பள்ளம் எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ, உலோகமும் அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்தது. கோளாறான தடத்துக்கு வெள்ளிப்பூண் போட்டதுதான் மிச்சம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அதைப் பொருத்திப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த மருத்துவர்கள், பாதிப்பேருக்குக்கூடத் திருப்தியான பலன் இல்லை என்று தாங்களே எழுதினார்கள். சில்லு நழுவுவதும் சிக்குவதும்தான் முக்கியக் குறை.

அப்படி எழுதிய அக்ராய்டும் நியூமனும் அதோடு நிற்கவில்லை. பள்ளத்தில் பதிக்காமல், தொடை எலும்பின் முன்பகுதியைத் தட்டையாகச் சீவி, அதன் மேல் புதிய பள்ளத்தையே உட்காரவைக்கும் வடிவத்தை உருவாக்கினார்கள். இதில் பழைய பள்ளத்தின் திசை கணக்கிலேயே வராது. சரியான திசையை மருத்துவர் தீர்மானிக்கிறார். ஆவான் என்று பெயரிடப்பட்ட அது 1996-ல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. சில்லு நழுவும் புகார் அநேகமாக மறைந்தது. பிறவியிலேயே பள்ளம் சரியில்லாதவர்களுக்கு இது மிகப் பொருத்தமான சிகிச்சையானதும் இதனால்தான். அவர்களுக்கு இல்லாமலிருந்த பள்ளம் முதல்முறையாகக் கிடைக்கிறது.

இப்போது தோல்வி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சில்லுப்பகுதி நன்றாக இருக்க, ஆண்டுகள் கழித்துத் தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையே உள்ள முக்கிய மூட்டு தேய ஆரம்பிக்கும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், உடம்பு மிகவும் கனத்தவர்களுக்கும், மற்றப் பகுதிகளில் ஏற்கெனவே தேய்மானம் தொடங்கிவிட்டவர்களுக்கும் சில்லுப்பகுதி மாற்று வேண்டாம் என்பது இதனால்தான்.

அப்படியானால் நேரே முழு மூட்டையும் மாற்றிவிட்டால் தொல்லை விட்டது இல்லையா? நம் ஊரில் முழு மூட்டு மாற்றுதான் எல்லோருக்கும் தெரிந்த சிகிச்சை. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு முழங்கால் மாற்று உறுப்புகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தபின் அது இன்னும் எட்டும் தூரத்துக்கு வந்தது. பதிவேடுகள் வைத்திருக்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் எண்களைப் பார்த்தால், மறுபடி அறுவை செய்யவேண்டிவருவது சில்லுப்பகுதி மாற்றில்தான் அதிகம். இதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. சில்லுப்பகுதி மாற்று சரிவரவில்லை என்றால் முழு மாற்றுக்குப் போவது எளிது. மருத்துவரும் தயங்காமல் செய்துவிடுவார். முழு மாற்று சரிவரவில்லை என்றால் அடுத்த அறுவை பெரிய வேலை. அதனால் வலியோடு இருக்கச் சொல்லித் தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளிப்போடப்பட்ட வலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது டென்மார்க். ஓட்கார்டும் சகாக்களும் சில்லுப்பகுதி மட்டும் தேய்ந்த 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குப் பகுதி மாற்றும் பாதிப்பேருக்கு முழு மாற்றும் செய்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி முதல் இரண்டு ஆண்டுகளில் மொத்தமாகப் பார்த்தால் பகுதி மாற்றுக்காரர்களின் அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது. காலை மடக்கும் அளவிலும் அவர்கள் முன்னே நின்றார்கள். இந்தக் கடைசி விஷயம் தரையோடு வாழும் நமக்குப் பெரிது. முழு மாற்று செய்துகொண்டவர்களைக் குந்த வேண்டாம், சம்மணமிட வேண்டாம் என்றுதான் வழக்கமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். பகுதி மாற்றில் மூட்டின் ஜவ்வுகள், முக்கியப் பரப்புகள் எல்லாம் சொந்தமாகவே இருக்கின்றன. அதற்காகக் குந்தி எழும் ஏழு, எட்டு மடங்குப் பாரத்தைப் புதிய பொத்தானின் மேல் தினமும் இறக்கலாம் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

எழுபதைத் தாண்டியவர், மூட்டின் மற்றப் பக்கங்களும் தேய்ந்தவர் என்றால் விவாதமே இல்லை, முழு மாற்றுதான். நாற்பதுகளில் இருப்பவர், பள்ளம் சரியில்லாதவர், மற்றது எல்லாம் நன்றாக இருப்பவர் என்றால் பகுதி மாற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் வருவது நஷ்டம். முப்பதுகளில், வெளிப்பக்க மூலையில் மட்டும் தேய்மானம் என்றால் எலும்பு மேட்டை நகர்த்தும் வழியைக் கேட்கவேண்டும். இவை மூன்றுக்கும் நடுவில் விழுகிறவர்கள்தான் அதிகம். அங்கே மருத்துவரின் அனுபவம் ஒரு பக்கம் இழுக்கும், அவர் பயின்ற ஊரின் வழக்கம் ஒரு பக்கம் இழுக்கும்.

வழக்கம் எவ்வளவு பலமானது என்பதற்கு முழு மூட்டு மாற்றிலேயே சாட்சி இருக்கிறது. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் உலோகம் பொருத்தியபின் சில்லின் பின்புறத்துக்குப் பிளாஸ்டிக் பொத்தான் வைப்பதா, சொந்தப் பரப்பையே விட்டுவிடுவதா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலானோருக்குப் பொத்தான் வைத்துவிடுகிறார்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் வைப்பது அபூர்வம். இரண்டு இடத்திலும் நோயாளிகள் ஏறக்குறைய ஒரேமாதிரி எழுந்து நடக்கிறார்கள். அதனால் உறுப்பு வடிவமைப்பவர்களின் கவனம் இப்போது பொத்தானைவிட அதற்கு எதிரே இருக்கும் உலோகப் பள்ளத்தின் மீது திரும்பியிருக்கிறது: எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் எத்தனை டிகிரி திருப்பம், சில்லு மேலிருந்து இறங்கும்போது எந்த இடத்தில் அதற்குள் நுழையவேண்டும்.